குதிரையிடம் மூன்று தடவை கேட்டவள்

1

என் இடது கால் இப்போது முக்காலி மேல் இருக்கிறது. சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி போட்டுக் கட்டியிருக்கிறேன். குவைத்திலும் பிறகு இந்த ஆஸ்திரேலியாவிலுமாக ஆயுசு முழுக்க ஊரார் கால் கையைக் கட்டிய நர்ஸ் நான். சொந்தக் காலைக் கட்டுகிறபோதுதான் தெரிகிறது, நான் எவ்வளவு மோசமான நோயாளி என்று.

குதிரை மிதித்துவிட்டது. இந்த ஒரு வரியை ஊரில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பதற்குள் உடைந்த விரல் கூடிவிடும் போலிருக்கிறது.

முதல் போன் என் தங்கச்சி விமலாவிடமிருந்து வந்தது. மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாள். கல்லாவில் இருந்துகொண்டேதான் பேசுவாள், பின்னால் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"அக்கா, குதிரைக்க மேல ஏறி விழுந்தியளாமே?"

"நான் ஏறல்ல பிள்ள. அதுதான் எனக்க காலுக்க மேல ஏறிச்சு."

"உங்க வீட்டுல குதிரை உண்டா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே!"

"எனக்க குதிரை இல்லட்டி. நான் சேவைக்குப் போற இடத்துல உள்ளது."

"குதிரைக்குச் சேவை செய்யவா ஆஸ்திரேலியாவுக்குப் போனிய?"

போனை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர் அருமனை முழுக்கச் செய்தி பரவியது: ஸ்டெல்லா ரிட்டயர் ஆன பணத்தில் குதிரை வாங்கிவிட்டாள். மறுநாள் சொந்தக்கார அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். கால் எப்படி என்று கேட்கவில்லை. "பிள்ளே, எனக்க இளையவன் சும்மாதான் நிக்கான். ஒரு விசா ஏற்பாடு செய்தா உனக்க குதிரைய அவன் பாத்துக்கிடுவான்" என்றார்.

அதனால்தான் முழுக் கதையையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இது என் விரலைப் பற்றிய கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஜேட் என்றொரு பிள்ளையைப் பற்றியது. விரல் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது.

2

போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பெற்ற மறுநாளே என் மகள் ஷெரினுக்கு ஓய்வு போயிற்று. அவள் மெல்பேர்னில் தனியாக இருக்கிறாள். நாங்கள் இருக்கிற இந்தச் சின்ன ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம். காலையில் போன் செய்து சாப்பிட்டாயா என்பேன். மத்தியானம் போன் செய்து என்ன சாப்பிட்டாய் என்பேன். ராத்திரி போன் செய்து, அது மட்டும் சாப்பிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்பேன். இடையில் ஒரு தடவை முடியை ஏன் வெட்டினாய் என்று கேட்பதற்காகக் கூப்பிடுவேன்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "அம்மா, புத்திமதி சொல்ல உங்களுக்கு ஆள் வேணும். நான் வேற ஆள் பாத்துத் தாறேன்."

பார்த்தும் தந்தாள். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணை இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற, வீட்டை விட்டு ஓடிய, ஒன்றிரண்டு தடவை போலீஸ் வண்டியில் ஏறி இறங்கிய பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் அங்கே கொண்டுவருவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குதிரை. கூட நடக்க என்னைப் போல ஒரு பெரிய ஆள். பிள்ளை அந்தக் குதிரையைத் தேய்த்துவிட வேண்டும், கயிறு பிடித்து நடத்த வேண்டும், கடைசியில் கயிறே இல்லாமல் தன் பின்னால் வரவைக்க வேண்டும். மேலே ஏறுவது கிடையாது. மனுஷர் யாரையும் நம்பாத பிள்ளை குதிரையை நம்பும் என்பது அவர்கள் அனுபவம்.

குதிரையை எனக்கு என்ன தெரியும்? எங்கள் அருமனையில் பசு உண்டு, ஆடு உண்டு, திருவிழாவுக்கு ஆனை வரும். குதிரை என்று நான் நேரில் பார்த்தது கன்னியாகுமரி கடற்கரையில் சவாரிக்கு நின்ற ஒரு நோஞ்சான் மட்டும்தான். அதுவும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சேருவதற்கு முன் போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு. அதனால் இந்த நாட்டு ஆபீஸ்களுக்கு நான் வந்த நாள் முதல் 'மிசஸ் செல்லையா'. செல்லையா என் அப்பா. அப்பாவுக்கு மிசஸ் என் அம்மா. இதைக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விளக்கப் போய், அவள் மேலதிகாரியைக் கூப்பிட, அவர் இன்னொருவரைக் கூப்பிட, கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து 'மிசஸ் செல்லையா, நீங்கள் போகலாம்' என்றார்கள்.

பண்ணையை நடத்துகிறவள் ஹெலன். என் வயதுதான், ஆனால் கதவு நிலை உயரம் இருப்பாள். முதல் நாளே மூன்று விதி சொன்னாள். பிள்ளைகளைக் கேள்வி கேட்டுக் குடையக் கூடாது. புத்திமதி கூடாது. எதற்கும் வற்புறுத்தக் கூடாது. பிள்ளையோ குதிரையோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதோடு விட்டுவிட வேண்டும்.

நான் தலையை ஆட்டினேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், அருமனைக்காரி ஒருத்தியிடமிருந்து இந்த மூன்றையும் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும்? அவள் போட்டிருக்கிற ரப்பர் பூட்ஸ் மட்டும்தான்.

"குதிரை எப்படி வேண்டாம் சொல்லும்?" என்று ஹெலனிடம் கேட்டேன். "தலையைத் திருப்பிக்கொள்ளும்" என்றாள். "அதுக்குப் பிறகு?" என்றேன். "அதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அது சொல்லிவிட்டது" என்றாள்.

3

நம்ம பக்கத்து 'வேண்டாம்' பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் வெளிநாட்டில் இருந்து பார்த்தால்தான் அதன் அழகு தெரிகிறது.

ஒரு வீட்டுக்குப் போகிறோம். சாயா எடுக்கட்டா என்கிறார்கள். வேண்டாம் என்கிறோம். அது மரியாதை. ஒரு வாய் குடிக்கலாமே என்கிறார்கள். ஐயோ, இப்பந்தான் குடிச்சிட்டு வாறோம் என்கிறோம். அது கௌரவம். எங்க வீட்டுச் சாயா குடிக்கமாட்டியளா என்று மூன்றாவது தடவை முகம் சுளித்துக் கேட்டால், "செரி, பாதி போதும்" என்கிறோம். தம்ளர் விளிம்பு வரை நிரம்பி வரும். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்போம். மூன்றாவது தடவை கேட்காத வீட்டைப் பற்றி நாலு தலைமுறைக்குப் பேசுவோம்.

என் சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வாசலிலேயே மாப்பிள்ளையின் அப்பா, "ஒண்ணும் எடுக்கண்டாம், இப்பத்தான் சாப்பிட்டோம்" என்றார். அன்றைக்கென்று மஸ்கட்டில் இருந்து வந்திறங்கியிருந்த எங்கள் மாமா ஒருவர், வெள்ளைக்காரக் கம்பெனியில் பழகிய மனுஷர், "அப்பிடின்னா எடுக்கண்டாம்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டார். அச்சப்பமும் ஏத்தங்காய் வறுவலும் அடுக்களையிலேயே இருந்தன. வந்தவர்கள் தொண்டை வறளப் பேசிவிட்டுப் போனார்கள். சம்பந்தம் அதோடு முறிந்தது. இன்றுவரைக்கும் அந்த மாமாவைக் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காரவைப்பதில்லை.

நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் கூட வேலை பார்த்த ஒருத்தி விருந்துக்குக் கூப்பிட்டாள். கோழி எடுத்துக்கொள் என்றாள். நோ தேங்க்ஸ் என்றேன். அவ்வளவுதான், தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. அதன் பின்னால் என் கண் போனதை யாரும் கவனிக்கவில்லை. உருளைக்கிழங்குக்கும் அதே கதி. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் எட்வினிடம் சொன்னேன். அவர் கடற்கரை முட்டத்துக்காரர், மீனும் சோறும் இருந்தால் உலகத்தோடு சண்டை கிடையாது. "பசிச்சா எடுத்துத் தின்ன வேண்டியதுதானே" என்று பழங்கஞ்சியை எடுத்து வைத்தார். அவருக்குச் சொன்னால் விளங்காது.

4

ஜேட்டுக்கு வயது பதினாறு. வெயில் காலத்திலும் தலைக்கு மேல் இழுத்துவிட்ட குல்லா வைத்த சட்டை, புருவத்தில் ஒரு வளையம், நகமெல்லாம் கறுப்பு. அம்மா எங்கே என்று தெரியாது. சித்தி வீட்டில் இருந்தாள். யாருடைய காரையோ எடுத்து ஓட்டி மரத்தில் மோதியதில் கோர்ட்டு வரை போய்விட்டது. இந்தப் பண்ணைப் பயிற்சியைக் கடைசி நாள் வரை முடித்தால் சித்தி வீட்டிலேயே இருக்கலாம், முடிக்காவிட்டால் மெல்பேர்னில் உள்ள பிள்ளைகள் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நிபந்தனை. அந்த விடுதியில் அவள் முன்பே ஒரு தடவை இருந்திருக்கிறாள். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

அவள் பேசியதையெல்லாம் நான் நம்ம பேச்சில்தான் எழுதப்போகிறேன். விமலாவுக்குக் கதை சொன்னபோது அப்படித்தான் வந்தது. இன்னொன்று, அவள் என்னை வெறுமனே ஸ்டெல்லா என்றுதான் கூப்பிட்டாள். மரியாதை விகுதியெல்லாம் நான் என் கைக்காசில் போட்டுக்கொள்வது.

அவளுக்குக் கொடுத்த குதிரையின் பெயர் பிஸ்கட். பழுப்பு நிறம், பெரிய வயிறு, யாரையும் மதிக்காத நடை. எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். ஜேட்டும் பிஸ்கட்டும் முதல் சில வாரங்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அவள் ஒரு மூலையில், அது ஒரு மூலையில். நடுவில் நான், கேள்வி கேட்காமல், புத்திமதி சொல்லாமல். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அத்தனை கேள்வியையும் எட்வினிடம் கேட்டுத் தீர்ப்பேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு டப்பா முந்திரிக்கொத்து எடுத்துப் போனேன். சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்து நானே செய்தது. ஜேட்டிடம் நீட்டினேன்.

"வேண்டாம்."

"ஒண்ணு எடு மக்கா."

"வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணு."

"உங்களுக்குக் காது கேக்காதா? எத்தன தடவ சொல்லணும்?"

அத்தனை வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்காரவைத்து நம்ம ஊர்க் கணக்கை விளக்கினேன். முதல் வேண்டாம், இரண்டாம் வேண்டாம், மூன்றாவது பாதி போதும். மஸ்கட் மாமா கதையும் சொன்னேன். அவள் குல்லாவைப் பின்னால் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"அப்ப உங்க ஊருல உண்மையாட்டே வேண்டாம்னா எப்பிடிச் சொல்லது?"

நான் யோசித்தேன். "அதுக்கு நாங்க அந்த வீட்டுக்கே போகமாட்டோம்" என்றேன்.

அவள் சிரித்தாள். "செரி, பாதி போதும்" என்று ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தாள். மிச்சப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபோது, பின்னாலிருந்து வந்த பிஸ்கட் அதை லபக்கென்று பிடுங்கிக்கொண்டது. அதிலிருந்துதான் அவர்கள் இரண்டு பேருக்கும் சிநேகம். இதை நான் ஹெலனிடம் சொல்லவில்லை. குதிரைக்குத் தின்னக் கொடுத்தால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

பிறகு வாரா வாரம் இது எங்களுக்குள் ஒரு சடங்காகிவிட்டது. நான் மூன்று தடவை கேட்பேன், அவள் இரண்டு தடவை மறுப்பாள், பாதி போதும் என்பாள், இரண்டு முழுசு தின்பாள். ஹெலன் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஸ்டெல்லா, அந்தப் பிள்ளை சின்ன வயசிலேருந்து வேண்டாம்னு சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கினதில்லை. அதனாலதான் இங்கே ஒரு தடவை சொன்னாலே போதும்னு வச்சிருக்கோம்."

எனக்குச் சுருக்கென்றது. முந்திரிக்கொத்து வேறு விஷயம் என்று சொல்ல வாயெடுத்தேன். டப்பாவை மூடிக்கொண்டேன்.

5

கடைசி நாளுக்கு முந்தின வாரம். கடைசி நாள் என்றால் வட்ட மைதானத்தில் எல்லார் முன்னாலும் பிள்ளை தன் குதிரையைக் கயிறில்லாமல் நடத்திக் காட்ட வேண்டும். சித்தி வருவாள், கோர்ட்டு அதிகாரி வருவார். அன்று வந்தால்தான் முடித்ததாகக் கையெழுத்து.

ஹெலன் இதைச் சொல்லி முடித்ததும் ஜேட் கயிற்றைக் கீழே போட்டாள். "ஆளுவ முன்னால நான் சர்க்கஸ் காட்டமாட்டேன். வரமாட்டேன்" என்றாள். நேரே போய் வெளிக் கேட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, சித்தி காருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

"விடுதிக்குப் போவாளே!" என்றேன் ஹெலனிடம். அவள் முகமும் வாடித்தான் இருந்தது. ஆனால், "அது அவளுக்கும் தெரியும். முடிவு அவளுடையது" என்றாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிஸ்கட்டைக் கூட்டிக்கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்தினால் மனம் இளகும் என்று தோன்றியது. கழுத்துக் கயிற்றை எடுத்துக்கொண்டு மேய்ச்சல் பக்கம் போனேன். பிஸ்கட் என்னைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது.

"வா மக்கா, உனக்க பிள்ள அங்க இருக்கு பாரு" என்றேன். காதுகளைப் பின்னால் சாய்த்தது. ஹெலன் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும், கேட்டியளா. ஆனால் மூன்றாவது தடவை கேட்காமல் திரும்பினால் அது மரியாதைக் குறைவு என்று என் ரத்தத்தில் எழுதியிருக்கிறது. கையை நீட்டி அதன் கழுத்தைச் சுற்றிக் கயிற்றைப் போடப் போனேன். அது அவசரப்படவே இல்லை. நான் நின்ற இடத்தின் வழியாக நிதானமாக நடந்து போயிற்று. போகிற வழியில் என் கால் இருந்தது.

"ஐயோ எனக்க அம்மோ!" என்று நான் போட்ட சத்தம் அருமனைச் சந்தி வரை கேட்டிருக்கும்.

ஹெலன் ஓடிவந்தாள். நேரே பிஸ்கட்டிடம் போய், கழுத்தைத் தடவி, "உனக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அன்று அவர்கள் எழுதிய விபத்து அறிக்கையிலும் முதல் கேள்வி அதுதான்: குதிரைக்குக் காயம் உண்டா?

ஒரு மரக்கட்டையில் என்னை உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஹெலன் போன் செய்யப் போனாள். தலையைத் தூக்கினால் ஜேட் நிற்கிறாள். கேட்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"ஐஸ் கொண்டு வரட்டா?"

"வேண்டாம் மக்கா, ஒண்ணும் இல்ல."

என் வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவள் சரி என்று திரும்பி நடந்தாள். என் விரல் பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. போகிற முதுகைப் பார்க்கிறேன், கூப்பிட வாய் வரவில்லை. கோழித் தட்டு போன மாதிரி ஐஸும் போயிற்று என்று நினைத்தேன்.

கொஞ்ச தூரம் போய் நின்றாள். திரும்பினாள்.

"ஐஸ் வேணுமா?"

"உனக்கு எதுக்குச் சிரமம்..."

அவள் திரும்ப வந்து என் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஸ்டெல்லா, இது மூணாவது தடவ. ஐஸ் வேணுமா, வேண்டாமா?"

"செரி, பாதி போதும்" என்றேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் ஒரு வாளி நிறைய ஐஸ் கொண்டுவந்தாள்.

கால் வாளிக்குள் இருக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அடுத்த வாரம் வருவியா?"

"இல்ல."

"பிஸ்கட் உன்னத் தேடும். வாயேன்."

"இல்லன்னு சொன்னேன்லா."

மூன்றாவது கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹெலன் சொன்னது நினைவுக்கு வந்தது, வாளிக்குள் விரல் வேறு விண்விண்ணென்று தெறித்தது. ஒரே நாளில் இரண்டாம் தடவை மிதி வாங்க எனக்குத் தெம்பில்லை, அதைவிட அவளைத் தொந்தரவு செய்த ஆட்களின் வரிசையில் நானும் போய் நிற்கப் பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன். சித்தியின் கார் வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

6

அன்று ராத்திரி ஷெரின் போன் செய்தாள்.

"அம்மா, நான் வரட்டுமா? வீக்கெண்ட் ஃப்ரீதான்."

"வேண்டாம் மோளே, எதுக்கு அலைச்சல். எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஷூர்? ஓகே அம்மா, டேக் கேர்."

வைத்துவிட்டாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை வாசலில் சூப்பர் மார்க்கெட் வண்டி வந்து நின்றது. ஷெரின் அனுப்பியிருந்தாள்: வீக்கத்தின் மேல் வைக்க ஐந்து பாக்கெட் உறைந்த பச்சைப் பட்டாணி. காலுக்கு ஒத்தடம் கொடுத்து முடித்து, அதையே குருமா வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிடும்போது அழுகை வந்துவிட்டது.

"என்னட்டி, காரம் கூடிப்போச்சா?" என்றார் எட்வின்.

"முந்திரிக்கொத்து தின்ன பிள்ளைக்கு விளங்குது. நான் பெத்த பிள்ளைக்கு விளங்கல்ல பாத்தியளா."

"நீ அவகிட்ட வேண்டாம்னுதானே சொன்ன?"

"சொன்னா?"

"அவ இந்த ஊருல வளந்தவ. அவளுக்கு நீ என்னைக்கு இதச் சொல்லிக் குடுத்த? என்னைக்கும் நீதானே கேள்வி கேக்குத, அவ எங்க கேட்டா?"

இந்த மனுஷர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படிப் பேசுவார், பிறகு மீன் கழுவப் போய்விடுவார். நான் போனை எடுத்து ஷெரினுக்குச் செய்தி அனுப்பினேன்: 'நான் வேண்டாம்னு சொன்னதை நம்பாதே. உன்னைப் பார்க்கணும் போல இருக்கு.' அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள். விரல் உடைந்தவளுக்கு விரல். ஆனால் சனிக்கிழமை அவள் கார் வந்து நின்றது.

7

கடைசி நாள் எட்வின்தான் என்னைப் பண்ணைக்குக் கொண்டுபோனார். கையில் கம்பு, காலில் அவருடைய பெரிய செருப்பு. மைதானத்தைச் சுற்றிப் பெஞ்சு போட்டிருந்தார்கள். கோர்ட்டு அதிகாரி மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குதிரையை நடத்தி முடித்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தியின் கார் கேட்டுக்கு வெளியே நின்றது. சித்தி மட்டும் இறங்கி வந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜேட் உள்ளேயே இருந்தாள். குல்லா மூக்கு வரை இறங்கியிருந்தது.

"இங்க வரைக்கும் வந்தா, இறங்கமாட்டேங்கா" என்றாள் சித்தி. ஹெலன் தூரத்தில் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் கம்பை ஊன்றி ஊன்றிக் காருக்குப் போனேன். கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது.

"கால் எப்பிடி இருக்கு?"

"இருக்கு."

அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்த எவருக்கும் தெரியும். மைதானத்தில் யாருக்கோ கைதட்டினார்கள்.

"உங்களுக்கு வேற சோலி இல்லியா?" என்றாள்.

"இல்ல."

"போன வாரம் ரெண்டு தடவதான் கேட்டிய."

"ஆமா."

"ஏன்?"

"நீ வேண்டாம்னு சொன்னத யாரும் மதிச்சதில்லன்னு ஹெலன் சொன்னா. நானாவது மதிக்கணும்னு நெனச்சேன் மக்கா."

அவள் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். பிறகு சொன்னாள்: "ஒரு வாரம் மதிச்சிட்டிய. போதும். இன்னும் ஒண்ணு பாக்கி நிக்குது."

கம்பை ஊன்றிக் கண்ணாடிப் பக்கம் குனிந்தேன். கேட்டேன்.

"வாறியா மக்கா?"

ஜேட் குல்லாவைப் பின்னால் தள்ளினாள். மைதானத்தைப் பார்த்தாள், பெஞ்சில் இருந்த ஆட்களைப் பார்த்தாள்.

"செரி. பாதி போதும்" என்று கார்க் கதவைத் திறந்தாள்.

ஹெலனிடம் போய், பாதி வட்டம்தான் நடப்பேன், அதற்குமேல் என்னைக் கேட்கக் கூடாது என்று கறாராகச் சொன்னாள். ஹெலன் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். ஜேட் பிஸ்கட்டின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து மைதானத்தின் நடுவே போட்டுவிட்டு முன்னால் நடந்தாள். அது ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு அவள் பின்னால் நடந்தது.

சரியாகப் பாதியில் ஜேட் நின்றாள். பிஸ்கட்டும் நின்றது. அவள் வெளியே வரத் திரும்பியபோது, அது மூக்கால் அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளியது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மிச்ச வட்டத்தையும் நடந்தாள், பிஸ்கட் கூடவே வந்தது. அதிகாரி கோப்பைத் திறந்து கையெழுத்துப் போட்டார். சித்தி என் தோளில் சாய்ந்து அழுததில் நான் கெட்டியாக ஊன்றியிருந்த கம்பு கீழே விழுந்தது.

பாதி போதும் என்று சொன்ன யாருக்கும் நம்ம ஊரில் பாதி ஊற்றியதே கிடையாது. பிஸ்கட்டுக்கும் அது தெரிந்திருக்கிறது.